பஸ் தரிப்பிடத்தில் நடந்த பேச்சை உள்ளே கூப்பிடுங்கள்

ஒன்ராறியோ மாகாணத்தின் பொது நூலகச் சபைகளுக்கும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை நடத்தும் நூலகர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு தகப்பன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகிறது. இந்த நாட்டில் என் பெயர் போட்டுக் கிடைத்த முதல் அட்டைகளில் நூலக அட்டையும் ஒன்று. என் இரண்டு பிள்ளைகளும் உங்கள் தரைவிரிப்பில் உருண்டு, உங்கள் மேசைகளில் வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன செப்டெம்பர் கடைசியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஒரு நூலகக் கிளையில், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளை ஒட்டி இளையோர் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. மகளையும் அவளுடைய சிநேகிதர்கள் மூன்று பேரையும் வீட்டுக்குக் கூட்டிப் போக வந்த நான் பின்வரிசையில் இருந்தேன். எல்லாமாகப் பதினான்கு பிள்ளைகள். நிலத்தின் முதல் உரித்தாளர்களை நினைவுகூரும் வாசகம் வாசிக்கப்பட்டது. பிறகு, பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றியும், சானி வென்ஜாக்கைப் பற்றியும் சொன்னார்கள். 1966 ஒக்டோபரில் கெனோராவுக்குப் பக்கத்து வதிவிடப் பாடசாலையிலிருந்து ஓடி, ரயில் பாதை வழியே வீட்டுக்கு நடக்க வெளிக்கிட்டு, குளிரில் இறந்துபோன பன்னிரண்டு வயதுப் பையன். வீடு ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தள்ளி. இங்கிருந்து மொன்றியலைத் தாண்டுகிற தூரம். அது அவனுக்குத் தெரியாது.

பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். அதற்குப் பிறகு, அந்த நாளின் அடையாளமான செம்மஞ்சள் சட்டையைக் காகிதத்தில் வெட்டி ஒட்டச் சொன்னார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வெட்டினார்கள். அப்போது என் மகளின் சிநேகிதி கையை உயர்த்தினாள். "எங்கள் அம்மா அப்பாவும் வெளியிலிருந்து வந்து இந்த நிலத்தில் வீடு வாங்கியவர்கள்தான். அப்படியென்றால் எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறதா?"

நூலகரின் முகம் சிவந்துபோனது. மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல கேள்வி, ஆனால் நேரம் போய்விட்டது என்றார். பீட்சா வந்துவிட்டது என்று கையைக் காட்டினார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. தனி ஆளாக நின்றார். கையில் இருந்தது நாற்பது நிமிடம். இப்படி ஒரு கேள்வி வந்தால் எப்படி எடுத்துக் கதைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வாய் தவறி ஒரு சொல் பிழைத்தால் என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்திருக்கும். ஆனால் கேட்ட பிள்ளை பீட்சா எடுக்கவில்லை.

என் கார் கராஜில் நின்றபடியால் அன்று பஸ்ஸில்தான் வீட்டுக்கு. தரிப்பிடத்தில் நின்றபோது அந்தப் பிள்ளை முதலில் கேட்டது, "நான் ஏதும் பிழையாகக் கேட்டுவிட்டேனா?" என்பதுதான். அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். இல்லை, பிழை ஒன்றும் இல்லை என்றார்கள் மற்றவர்கள். பிறகு சோமாலியக் குடும்பத்துப் பையன் சொன்னான்: "நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கடைக்குள் போனால் காவலாளி என் பின்னால் மட்டும்தான் வருகிறான். அதைப் பற்றியும் இன்றைக்கு ஒரு கதையும் இல்லை." கொஞ்ச நேரம் எல்லோரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் மகள் மெல்லச் சொன்னாள்: "எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் உங்களைச் சொல்ல ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்." அந்தச் சொல்லையும் சொன்னாள். காப்பிலி. கறுப்பின ஆட்களை இழிவாகச் சொல்லும் சொல். அர்த்தத்தையும் சொன்னாள்.

பையன் கேட்டான்: "உன் அப்பாவும் சொல்லுவாரா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு முழம் தள்ளி நின்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சொல்லியிருக்கிறேன், தம்பி," என்றேன். "இனிச் சொல்லமாட்டேன்." அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தன் அம்மம்மாவும் எங்களைப் போன்ற ஆட்களைப் பற்றிச் சில கதை சொல்லுவா என்றான். இரண்டு பஸ்களைப் போக விட்டோம். மூன்றாவதில்தான் ஏறினோம்.

அந்த இருபத்தைந்து நிமிடம்தான் உங்கள் அறைக்குள் நடந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2023இல் 11ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தைப் பூர்வகுடி எழுத்தாளர்களின் படைப்புகளைக் கொண்டு எல்லோருக்கும் கட்டாயமாக்க வாக்களித்தது. நல்ல முடிவு. ஆனால் வகுப்பில் புள்ளி இருக்கிறது. புள்ளி இருக்கும் இடத்தில் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலை எழுதுவார்கள். எங்கள் பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். நாங்கள் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். வீட்டிலோ எங்கள் முகம் மாறுவதைப் பார்த்தே கேள்வியை விழுங்கிவிடுவார்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அவரவர் ஆட்கள்தான் இருப்பார்கள். எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே மேசையில் வந்து இருக்கிற, புள்ளியும் காசும் கேட்காத இடம் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து நூலகம் ஒன்றுதான்.

ஒரு சொல்லைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும். தமிழில் நீங்கள் அடிக்கும் துண்டுப் பிரசுரத்தில் 'நல்லிணக்கம்' என்று போடுகிறீர்கள். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறொரு ஞாபகம் இருக்கிறது. போர் முடிந்த அடுத்த வருடம், 2010 மே மாதம், இலங்கை அரசு 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' என்று ஒன்றை அமைத்தது. தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன் போய் நின்று, கடைசியாக யாரிடம் ஒப்படைத்தோம் என்று சொன்னார்கள். பதில் இன்றைக்கும் வரவில்லை. அதனால் நல்லிணக்கம் என்று கேட்டதும், உண்மையை மூடிவிட்டுக் கைகுலுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எங்களில் பலருக்கு மனம் போகும். பிள்ளைகள் அந்தச் சொல்லின் வரலாற்றைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அது காதில் விழுந்ததும் தாய் தகப்பன் தொலைக்காட்சியை மாற்றுவதைப் பார்த்திருப்பார்கள்.

கனடாவில் நடந்தது வேறு ஒழுங்கு. வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரிக்க இங்கே அமைத்தது 'உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு'. பெயரிலேயே 'உண்மை' முன்னுக்கு நிற்கிறது. மறைந்த மரே சின்கிளேயர் தலைமையில் 6,500க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டுத்தான் 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தார்கள். சுமார் 1,50,000 பிள்ளைகள் அந்தப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதை நாடு ஒத்துக்கொண்டது. பரிந்துரைகளில் பல இன்னும் கடதாசியில்தான் இருக்கின்றன, அதுவும் உண்மை. ஆனாலும் முதலில் கேட்டார்கள். இந்த ஒழுங்கை எங்கள் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நீங்கள் எடுத்துச் சொன்னால், இந்த விஷயம் யாரையும்விட அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

எப்படிப் பிடிபடும் என்று சொல்கிறேன். 1981இல் எனக்குப் பத்து வயது. மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. சில நாள் கழித்து அப்பா சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிப்போய்த் தூரத்தில் நிறுத்திக் காட்டினார். கரி பிடித்த சுவர். "பார்த்து வைத்துக்கொள்," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கதை ஸ்காபரோவில் அனேகமான தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு மொழியை அழிக்க நினைப்பவன் எதில் கை வைப்பான் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாய்மொழி பேசியதற்காக வதிவிடப் பாடசாலையில் அடி வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொன்னால், அது தூரத்து வரலாறாக அவர்கள் காதில் விழாது.

2021 மே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில், பழைய வதிவிடப் பாடசாலை வளவில் தரையை ஊடுருவும் ராடர் வைத்துப் பார்த்து, 215 புதைகுழிகள் இருக்கலாம் என்று அந்த மண்ணின் மக்கள் அறிவித்தபோது என் மகளுக்கு அது செய்தி மட்டும்தான். 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில், மனிதப் புதைகுழியைத் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒன்றோடு நீல நிறப் பள்ளிப் பை ஒன்றும் வந்தது. அங்கேயும் ராடர் கொண்டுவந்தார்கள். அந்தப் பையின் படத்தை இவள் கைத்தொலைபேசியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கம்லூப்ஸ் மாதிரியா அப்பா?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டும் ஒன்று அல்ல. ஒன்றை வைத்து மற்றதை அளக்கவும் கூடாது. அங்கே நாங்கள் நிலத்தை இழந்தவர்கள். இங்கே வேறு மக்கள் இழந்த நிலத்தில் அடமானக் கடன் கட்டுகிறவர்கள். இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் எங்கள் பிள்ளைகள் உங்கள் அறைக்குள் வருகிறார்கள். அன்று கையை உயர்த்திய பிள்ளை கேட்டதும் அதைத்தான்.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் ஆயத்தமான பதில் இருக்க வேண்டியதில்லை. கேள்வியை மேசையில் வைத்திருக்கத் தெரிந்தால் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், காலடியில் தொடங்குங்கள் என்பேன். ஸ்காபரோவிலேயே, லோரன்ஸ் வீதிக்குப் பக்கத்தில், பெண்டேல் பகுதியில் டேபர் ஹில் என்று ஒரு சிறிய மேடு இருக்கிறது. 1956இல் அங்கே மண் எடுத்த இயந்திரத்தில் மனித எலும்புகள் மாட்டின. ஏறத்தாழ 500 பேரின் எலும்புகள். வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர் சுமார் 700 வருடங்களுக்கு முன் தங்கள் இறந்தவர்களை ஒன்றுசேர்த்துச் சடங்கோடு அடக்கிய இடம் அது. இப்போது மேலே ஒரு கல்லும் பட்டயமும் நிற்கின்றன, சுற்றிவர வீடுகள். நான் அந்த வழியால் எத்தனையோ வருடம் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். பனிக்காலத்தில் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுவதைப் பார்த்து, நல்ல மேடு என்று நினைத்திருக்கிறேன். அது என்னவென்று தெரிந்த அன்று இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. எங்கள் ஊரில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கல்லறைகளை நினைத்து அழுதவர்கள் நாங்கள்.

நிலம் கைமாறிய கதையும் அப்படித்தான். 1787, 88இல் ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஆங்கில அதிகாரிகள் இந்த நிலத்துப் பூர்வகுடிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் 'துப்பாக்கிவெடி உடன்படிக்கை' என்பார்கள். கரையில் சுட்டால் வெடி கேட்கும் தூரம் வரை நிலம் என்று பேச்சு. எங்கள் ஊரில் கூப்பிடுதூரம் என்போமே, அது போல. எல்லை ஒழுங்காக எழுதப்படாததால் 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்று மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். அதோடு அந்த மக்களின் வேட்டை, மீன்பிடி உரிமைகளும் போயின. 2018இல்தான் கனடா அரசும் மாகாண அரசும் மன்னிப்புக் கேட்டு, உரிமைகளை ஏற்று, இழப்பீடும் கொடுத்தன. நாங்கள் வீடு வாங்கியிருக்கும் ஸ்காபரோ இந்த உடன்படிக்கைக்குள் வருகிற நிலம். 1999இல் நான் குடியுரிமைச் சத்தியம் செய்தபோது பூர்வகுடிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. ஆணைக்குழுவின் 94ஆவது பரிந்துரை அதை மாற்றக் கேட்டது. 2021 ஜூனில் மாற்றினார்கள். எனக்கு முன்னால் சத்தியம் செய்தவர்கள், என்னோடு செய்தவர்கள், எங்கள் யாருக்கும் இதை ஒருவர் இருத்திச் சொல்லவில்லை.

ஆகவே காகிதச் சட்டையை விடுங்கள். பிள்ளைகளை டேபர் ஹில்லுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள். பிராண்ட்ஃபோர்டில் மோஹாக் வதிவிடப் பாடசாலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது; 1970 வரை நடந்தது. அந்த வளவில் பூர்வகுடி மக்களே நடத்தும் வுட்லண்ட் பண்பாட்டு நிலையம் இருக்கிறது. ஒரு பள்ளி பஸ் பிடித்தால் ஒரு நாளில் போய் வரலாம். செம்மஞ்சள் சட்டைக்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். ஃபிலிஸ் வெப்ஸ்டாட் ஆறு வயதில், 1973இல், அம்மம்மா வாங்கிக் கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையோடு வதிவிடப் பாடசாலைக்குப் போனார். முதல் நாளே கழற்றி எடுத்துவிட்டார்கள். அந்தக் கதையை வெட்டி ஒட்டக் கொடுக்காமல் பதினாறு வயதுக்காரர்களிடம் கதையாகவே சொல்லுங்கள். அவர்கள் தாங்குவார்கள்.

பூர்வகுடி மூத்தோரை அழைக்கும்போது வருடத்தில் ஒரு நாளில் எல்லோரும் போட்டி போட்டு அழைக்காதீர்கள். பெப்ரவரியில் கூப்பிடுங்கள், மே மாதம் கூப்பிடுங்கள். அவர்களின் மரபுப்படி மரியாதை செய்து, உரிய சன்மானத்தையும் கொடுங்கள். தன் காயத்தைத் திறந்து காட்ட வருகிறவரை 'தொண்டர்' பட்டியலில் எழுதுவது சரியில்லை. கேட்டுவிட்டுக் கலங்கிப் போகிற பிள்ளையோடு கூட இருக்க, பயிற்சி பெற்ற ஒருவரும் அறையில் வேண்டும். போர் பார்த்த வீட்டுப் பிள்ளைகள் எதைக் கேட்டு எப்போது உடைவார்கள் என்று எங்களுக்கே தெரியாது.

மாதம் ஒரு வியாழன் பின்னேரம், இரண்டு மணித்தியாலம், பன்னிரண்டு கதிரை வட்டமாக. அவ்வளவுதான் கேட்கிறேன். தயவுசெய்து சனிக்கிழமை வைக்காதீர்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, நடனம், கணித ரியூஷன் என்று எங்கள் பிள்ளைகளை நாங்கள் துண்டு போட்டுவிட்டோம். வைத்தீர்கள் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள், பிறகு ஆர்வம் இல்லை என்று அறிக்கை எழுதுவீர்கள். இன்னொன்று. மேல்நிலைப் பள்ளியை முடிக்க 40 மணித்தியாலச் சமூக சேவை வேண்டும். புத்தகம் அடுக்கி அதை நிரப்பப் பிள்ளைகள் உங்களிடம்தான் வருகிறார்கள். அதே பிள்ளைகளை இந்த வட்டத்தை நடத்தப் பழக்குங்கள். கேள்வியை அவர்கள் வைக்கட்டும். யாரை அழைப்பது என்று அவர்கள் சொல்லட்டும். பெரியவர் ஒருவர் பின்னால் இருந்தால் போதும்.

வட்டத்தில் பூர்வகுடிகளைப் பற்றிய கதையோடு நிறுத்த வேண்டாம். ஒன்ராறியோவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று பிரித்து வைத்த கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1965இல்தான் என்று அந்தச் சோமாலியப் பையனுக்கும் சொல்லப்பட வேண்டும், என் மகளுக்கும் சொல்லப்பட வேண்டும். 1986இல் நியூஃபவுண்ட்லண்ட் கடலில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் ஏற்றிக் கரை சேர்த்ததும், 2010இல் 492 தமிழ் அகதிகளோடு வந்த சன் சீ கப்பலில் இருந்தவர்களைச் சிறையில் அடைத்ததும் இதே நாடுதான் என்று அவர்கள் பேசட்டும். எங்கள் சாதியைப் பற்றியும் பேசட்டும். அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறோம். கல்யாணப் பேச்சு வரும்போது பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடுகிறது. மற்றவர்கள் செய்த பிழையை மட்டும் பேசுகிற மேசையைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

உங்கள் தமிழ் அலுமாரியையும் ஒருதரம் பாருங்கள். நான் புரட்டிய பொது அறிவுப் புத்தகம் ஒன்றில் இன்னும் 'செவ்விந்தியர்' என்று இறகு வைத்த படம் இருக்கிறது. அம்மம்மா, அப்பப்பா வாசிப்பது அந்த அலுமாரியில்தான். முதற்குடிகள், மேட்டி, இனுவிட் என்று பூர்வகுடி மக்களின் சரியான பெயர்களோடு, இந்த நாட்டின் கதையைத் தமிழில் ஒழுங்காகச் சொல்லும் பத்துப் புத்தகம் அங்கே இருந்தால் வீட்டுக்குள் பாதிப் பேச்சு தானாக நடக்கும். அப்படி எழுதப்பட்ட புத்தகம் இல்லையென்றால் எழுதுவியுங்கள். எழுதக்கூடியவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கு நானும் கை கொடுப்பேன்.

பெற்றோருக்கும் ஒரு பின்னேரம் வையுங்கள், பிள்ளைகள் இல்லாமல். தேத்தண்ணி கொடுங்கள். முதல் நாள் ஆறு பேர்தான் வருவோம். நான் அந்தப் பஸ் தரிப்பிடத்தில் சொன்னதை அங்கே முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகு மற்றவர்கள் வாய் திறப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த நான்கு பிள்ளைகளும் இப்போதும் சிநேகிதம்தான். அன்று கேட்ட பிள்ளை அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று இன்னொருதரம் மகளிடம் கேட்டிருக்கிறாள். வருகிற செப்டெம்பர் வரை காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கு வியாழக்கிழமைகளில் வேலை மூன்று மணிக்கு முடியும். கதிரை போட ஆள் தேவையென்றால் நாலு மணிக்கே வந்துவிடுவேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தகப்பன்